படகு பிடித்தவர்கள்

“தொறக்கல இளவரசு. தொறக்காதத தொறந்துச்சுன்னு நான் எப்புடிச் சொல்லுவேன்?”

கணினி ஆய்வக வாசலில் நின்று ஃபர்ஹானா இப்படிச் சொன்னதும், அன்றைக்குச் சிதம்பரத்தில் அடித்த வெயில் மொத்தமும் தன் உச்சந்தலையில் மட்டும் இறங்கியதுபோல் இருந்தது இளவரசுக்கு.

மூன்று மணிக்குள் அவன் ஒரு பெயர் கொடுத்தாக வேண்டும். இணையச் செயலி பாடத்துக்காக அவன் உருவாக்கிய பிச்சாவரம் படகுப் பதிவுத் தளத்தைக் கல்லூரி சார்பில் சென்னைப் போட்டிக்கு அனுப்புகிறார்கள். ஜெயித்தால் படிப்பு முடியும் முன்பே வேலை. கூட ஓர் ஆளை அழைத்துப் போகலாம். அவன் செய்ததை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற ஆள். அந்த வேலையில் ஃபர்ஹானாவை மிஞ்ச ஆள் கிடையாது. கேன்டீன் சாம்பாரில்கூடப் பிழை கண்டுபிடித்து, அதை எப்படிச் சரிசெய்வது என்றும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அதனால்தான் காலையில் எழுந்ததும் லிங்க்கை முதலில் அவளுக்கு அனுப்பினான். அதற்குப் பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வகுப்பு, விடுதி, சொந்தபந்தம், செம்மண்டலத்தில் அவன் தெருவில் போன் வைத்திருந்த அத்தனை பேர் என்று அனுப்பித் தள்ளிவிட்டான். தண்ணீர் கேன் போடுகிறவரும் தப்பவில்லை.

“ஒன் போனு பழசு. அதான்.”

“எங்க வாப்பா போன்லயும் போட்டுப் பாத்துட்டேன். லேப்ல இருக்குற கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டேன். பக்கமே வர மாட்டேங்குது.”

“என் லேப்டாப்புல பட்டாசா ஓடுது. பச்சப் படகத் தொட்டா செவப்பாவுது. ஒருத்தர் புடிச்ச எடம் அடுத்தவங்களுக்கு ஒடனே மறையுது.”

“அதத்தான் சொல்ல வர்றேன். அந்த லிங்க்குல…”

“இப்ப லிங்க்க குத்தம் சொல்ல ஆரம்பிச்சிட்டியா? ஊரே பாத்துட்டுப் பாராட்டுது. ஒனக்கு மட்டும் தொறக்கலைன்னா என்னா அர்த்தம்?”

“நீயே சொல்லு.”

“வயித்தெரிச்சல்னு அர்த்தம்.”

ஃபர்ஹானா அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். “சரி, அப்புடியே வச்சுக்க” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பரங்கிப்பேட்டை பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிட்டாள்.

இளவரசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நடைவழியில் அவன் நடந்த நடையை நேராக நடந்திருந்தால் கடலூர் போய் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். போனை எடுப்பான், பார்ப்பான், சட்டைப் பைக்குள் போடுவான், அது உள்ளே இறங்கும் முன்பே மறுபடியும் எடுப்பான்.

போன் அடித்தது. திருவதிகையிலிருந்து திருநாவுக்கரசு மாமா.

“மாப்ள, பாத்தேன் பாத்தேன். என்னா வேகம், என்னா கலரு. நானே ரெண்டு படகு புடிச்சிட்டேன். படகு ஆடுன ஆட்டத்துல ஒங்க அத்தை கட்டிலப் புடிச்சிக்கிட்டா.”

“அவ்வளவு நெசமாவா இருக்குது மாமா?”

“பின்ன? எவனாச்சும் குத்தம் சொன்னா காதுல போட்டுக்காத. பொறாம புடிச்சதுங்க ஜாஸ்தி.”

இளவரசின் நெஞ்சு பிச்சாவரம் காயல் அகலத்துக்கு விரிந்தது. அந்த நேரம் பார்த்து வகுப்புத் தோழன் செம்பியன் கேன்டீன் பக்கமிருந்து வந்தான்.

“மச்சான், சோறு தண்ணி இல்லாம அதுலயே கெடக்குறேன்டா” என்றான், உதட்டோரத்தில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையோடு.

“நெசமாச் சொல்லு. ஒரு குறைகூடவா இல்ல?”

“தேடித் தேடிப் பாத்தேன். ஒண்ணும் மாட்டல. எனக்கே கஷ்டமாப் போச்சு.”

“ஃபர்ஹானாவுக்குத் தொறக்கவே இல்லையாம்.”

“நீ முன்னால போறது அவுங்களுக்குப் பொறுக்கல மச்சான். வேற என்னா?”

அவ்வளவுதான். செம்பியனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடினான் இளவரசு. பிரிசில்லா மிஸ் கணினி முன்னால் காத்திருந்தார்.

“செம்பியன் பேரப் போடுங்க மிஸ்.”

மிஸ்ஸின் விரல்கள் நின்றன. “ஃபர்ஹானாவச் சொல்லுவேன்னு நெனச்சேன்.”

“செம்பியன்தான் மிஸ். முழுசா ஓட்டிப் பாத்துட்டான்.”

“நல்லா யோசிச்சுக்க. ஒருதடவ அனுப்பிட்டா அப்புறம் மாத்த முடியாது.”

“யோசிச்சிட்டேன் மிஸ்.”

பெயர் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தது. இளவரசு காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டதில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன.

“நான் போன வாரம் உன் லேப்டாப்புல பாத்ததோட சரி. அந்த லிங்க்க எனக்கும் அனுப்பு, போன்ல எப்படி வருதுன்னு பாக்குறேன்” என்றார் மிஸ்.

அனுப்பினான். அவர் அழுத்தினார். காத்திருந்தார். மறுபடியும் அழுத்தினார். பிறகு போனைக் கண்ணருகே கொண்டுபோய் லிங்க்கை எழுத்து எழுத்தாகப் படித்தார்.

“செம்பியன், இத நீ எதுல பாத்த?”

“என் போன்லதான் மிஸ். இதோ, இப்பகூடப் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்” என்று கட்டைவிரலால் திரையை ஆசையாகத் தடவினான் செம்பியன். “அருமையா ஓடுது.”

பிரிசில்லா மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இளவரசு, நீ ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்குறது உன் லேப்டாப் தனக்குள்ளயே வச்சிருக்குற விலாசம். அந்த லேப்டாப்பத் தவிர, இந்த உலகத்துல வேற எந்த மெஷின்லயும் இது தொறக்காது.”