சாவி கொடுக்கிற வாட்ச்

கையில் இருப்பது தங்கமாக இருந்துவிடக் கூடாது என்று துஆ கேட்டுக்கொண்டே அந்தக் கடைக்குள் நுழைந்த முதல் ஆள் மீரா முகைதீனாகத்தான் இருக்க வேண்டும்.

மேலப்பாளையத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். அங்கே இந்தத் தெருவில் தும்மினால் அடுத்த தெருவில் நலம் விசாரிப்பார்கள். அதனால் ஜங்ஷனில் பஸ் மாறி, டவுனில் தன்னைத் தெரியாத கடையாகப் பார்த்து வந்திருந்தார். பழைய நகை, பழைய வாட்ச் எதைக் கொடுத்தாலும் மதிப்புச் சொல்லும் கடை.

கர்ச்சீப்பைப் பிரித்து வாட்ச்சை வைத்தார்.

"இது தங்கமா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க தம்பி."

மாமனார் போட்ட வாட்ச் அது. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாண வீட்டில், மீரா முகைதீனின் அக்கா அதைத் தூக்கிக் காட்டி, தங்க வாட்ச் என்று ஊருக்கே தண்டோரா போட்டாள். மாப்பிள்ளை முறுக்கில் இருந்த இவரோ, ஆண்பிள்ளை தங்கம் போடுவது மார்க்கத்தில் ஆகாது என்று சொல்லி, பெட்டியோடு பீரோவில் வைத்துவிட்டார். வைத்ததுதான்.

மாமனார் மௌத்தாகிற வரைக்கும் எப்போது வந்தாலும் முதலில் இவர் மணிக்கட்டைப் பார்ப்பார். அப்புறம் மழை பெய்ததா என்று கேட்பார்.

மனைவி ஹமீது பீவி மட்டும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. அதுதான் இவருக்கு ரொம்ப உறுத்தல்.

இப்போது வருகிற ஞாயிற்றுக்கிழமை கடைக்குட்டி ஸமீஹாவுக்கு நிக்காஹ். உம்மாவோட வாப்பா கொடுத்த வாட்ச்சை அன்றைக்கு வாப்பா கட்டியிருக்க வேண்டும் என்று பெண் ஆசையாகக் கேட்டுவிட்டாள். பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் ஓடினார். முலாம் என்றால் கட்டலாம், தங்கம் என்றால் ஆகாது என்று அவர் சொல்லிவிட்டார்.

கடைக்காரர் கணேஷ்ராம் லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, விளிம்பு தேய்ந்த இடத்தைப் பார்த்தார். உரைகல் பக்கம் கையே போகவில்லை. பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த எழுத்தைப் படித்தார்.

"மெஷின் சுவிஸ், ஒஸ்தியான சாமான். கூடுதான் பித்தளை, மேல தங்க முலாம். நாலாயிரம் தேறும் அண்ணாச்சி," என்றார் துக்கம் விசாரிக்கிற குரலில்.

அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொல்லிவிட்டார் மீரா முகைதீன்.

கணேஷ்ராம் லென்ஸை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தார். முலாம் என்று சொன்னால் சண்டைக்கு வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. கட்டிக்கொண்டு போய் நின்றால், தங்கத்தை எப்படிக் கட்டினீர் என்று ஊர் கேட்கும். முலாம் என்று சொல்ல வேண்டும். மகள் கல்யாணத்தன்று, அத்தனை சொந்தத்துக்கு நடுவே, ஹமீது பீவியின் வாப்பா போட்டது பித்தளை என்று ஆகிவிடும். அவள் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்?

தட்டிப் பார்த்தே பித்தளையின் தரம் சொல்கிறவர் வீட்டு பீரோவில் முப்பத்தோரு வருஷமாகப் பித்தளை. பேசாமல் தங்கமாகவே இருந்து தொலைத்திருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

"ஆனா நல்லா வச்சிருக்கிய," என்ற கணேஷ்ராம், மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

ஊசியால் கீறினதுபோல் பொடிப்பொடியாகத் தேதிகள். சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் வாட்ச் கடைக்காரர்கள் கீறி வைப்பது. பத்து இருந்தன. கடைசித் தேதி போன வருஷத்தது.

"நான் இத பீரோவ விட்டு எடுத்ததே இல்லையே."

"ஓடிக்கிட்டுல்லா இருக்கு? சாவி குடுக்கிற வாட்ச் அண்ணாச்சி. ஒரு நாள் விட்டா மறுநாள் நின்னுரும். வீட்டுல யாரோ தெனமும் குடுக்காவ."

காலையில் எடுத்தபோதே அது சரியான மணி காட்டியது. வெளிநாட்டுச் சரக்கு என்றால் சும்மாவா என்று நினைத்துக்கொண்டார். தினமும் மத்தியானம் லுஹர் தொழுததும் ஹமீது பீவி பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்கும். நகையைச் சரிபார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். இத்தனை வருஷமும் இப்படி நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

செல்போன் அடித்தது. அவள்தான்.

"வாட்ச் உங்ககிட்டதான இருக்கு?"

"ஆமா."

"முலாம்னு சொல்லிட்டாவளா?"

மேலப்பாளையத்து ஆள் யாராவது நிற்கிறார்களா என்று அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆம்பளைக்குத் தங்கம் ஆகாதுன்னு எங்க வாப்பாவுக்குத் தெரியாதாக்கும்? நீங்க கட்டணும்னுதான் முலாமாத் தேடி வாங்குனாவ. அதுக்குள்ள உங்க லாத்தா தங்கம்னு ஊரக் கூட்டிட்டாவ. சம்பந்தி வீட்டாளப் பொய்யாக்கக் கூடாது, நீ வாயத் தொறக்காதன்னு வாப்பா சொல்லிட்டாவ. ஞாயித்துக்கெழம கேக்கவங்ககிட்ட நானே சொல்லிக்கிடுதேன்."

மணிக்கட்டைப் பார்த்துவிட்டு மழையைப் பற்றிக் கேட்ட மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. மீரா முகைதீனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கணும்லா. சரி, லுஹர் பாங்கு சொல்லியாச்சு. அதுக்குச் சாவி குடுங்க."

"எத்தன சுத்து?"

"இருவது. அதுக்கு மேல போனா முறுக்கிக்கிடும், உங்கள மாதிரி."