டீசலும் என் இருமலும்

எண்ணெய்க் கம்பெனி ஷேர் வாங்கச் சொல்லி என்னிடம் முதலில் சொன்னவர் என் பல் டாக்டர். இந்த மழைக்காலம் ஆரம்பித்த வாரம், மேல் வரிசையில் மிச்சமிருந்த கடைசிப் பல்லைப் பிடுங்கும்போது சொன்னார்.

"கச்சா எண்ணெய் விலை சரிஞ்சு கிடக்கும்மா. அந்தக் கம்பெனி ஷேரெல்லாம் அடிமாட்டு விலை. இப்ப வாங்கிப் போட்டா, பல்செட் கட்டற செலவை அதுவே கொண்டு வந்துடும். என்ன சொல்றீங்க?"

என் வாய்க்குள் அவர் விரல் இரண்டு, குறடு ஒன்று.

"ஆ" என்றேன்.

"அதான்! புரிஞ்சவங்க நீங்க."

எட்டாம் வகுப்பில் நான் கணக்கில் தேறியதே வாத்தியார் செய்த புண்ணியம். ஆனாலும் புரிந்தவள் என்று ஒருவர் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியுமா?

பல்செட்டுக்கு மகனிடம் கேட்க மனசில்லை. அவன் சொந்தமாக ஒரு சரக்கு வேன் ஓட்டுகிறான். டீசல் விற்ற விலையில், வண்டியையே விற்றுவிடலாமா என்று போன வருஷம் பூராவும் புலம்பியவன். அதனால் அவனுக்குத் தெரியாமல், தையலில் சேர்த்த காசில் பாதியை மகளிடம் கொடுத்தேன். அவள் போனிலேயே வாங்கிப் போட்டாள்.

"அம்மா, எண்ணெய் விலை ஏறினாதான் உனக்கு லாபம். இறங்கினா போச்சு. புரியுதா?"

"புரியுதுடி. ஏத்தி விட ஆள் இருக்கார்" என்று மேலே கையைக் காட்டினேன்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து, அவரவர் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்வோம். ஒவ்வொன்றுக்கும் நான் 'அப்படியே ஆகட்டும்' என்று முடித்து வைக்க வேண்டும். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது நானே ஆரம்பித்து வைத்த வினை.

"முட்டி வலி குறையணும்" என்றார் வீட்டுக்காரர்.

"அப்படியே ஆகட்டும்."

"எங்க மேனேஜர் வேற ஊருக்கு மாறிப் போகணும்" என்றாள் மகள்.

"அப்படியே ஆகட்டும்."

"டீசல் விலை இன்னும் இறங்கணும். வண்டி என் கையை விட்டுப் போகக் கூடாது" என்றான் மகன்.

எனக்கு இருமல் வந்துவிட்டது.

வந்தது என்ன, வரவழைத்ததுதான். சாமி முன்னால் பொய் சொல்லக் கூடாதே! இருமினால் பொய்யில்லை பாருங்கள்.

தினமும் இதே கதை. மகள் தலையைக் குனிந்துகொள்வாள். வீட்டுக்காரர் மட்டும் ஒருநாள், "முட்டி வலிக்கு நல்லா இருக்கிற தொண்டை, டீசல் வந்தா ஏன் அடைக்குது?" என்றார்.

"நீங்க கண்ணை மூடிக் கும்பிடுங்க" என்று அடக்கினேன்.

மறுநாள் மகன் இருமல் மருந்தோடு வந்தான். "படுக்கறப்ப ஒரு மூடி குடிம்மா." அவன் கண்ணெதிரேயே குடித்தேன். வேப்பெண்ணெய் தோற்றது.

விலையோ இறங்கிக்கொண்டே போனது. ஒருநாள் விசிலடித்தபடி உள்ளே வந்தான். "அம்மா, இன்னைக்கு டேங்க் ஃபுல்!"

"சந்தோஷம்ப்பா" என்று சிரித்தேன். மேல் பல் இல்லாததில் ஒரு சௌகரியம், சிரிப்பு நிஜமா பொய்யா என்று யாருக்கும் தெரியாது.

ஈறு ஆறியதா என்று காட்டப் போனபோது டாக்டர் மறுபடி ஆரம்பித்தார். "இன்னும் இறங்கியிருக்கு. கையில மீதி இருந்தா பயப்படாம அதையும் போடுங்க."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகள் கேட்டாள். "போடவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லும்மா."

"பிரார்த்தனை முடியட்டும்டி."

சாயங்காலம் மகனுடைய முறை வந்தது. தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"சாமி, எண்ணெய் விலை ஏறணும். நல்லா ஏறணும்."

தயாராக இருந்த இருமல் வழி தெரியாமல் விக்கலாகிவிட்டது.

"டேய், என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா?"

"தெரிஞ்சுதாம்மா. வண்டி ஓட்டறவனுக்குச் சத்தத்தைக் கேட்டாலே பழுது எங்கன்னு தெரியும். நீ டீசலுக்கு மட்டும் இருமறே. தங்கச்சியை உலுக்கினேன், கொட்டிட்டா."

"அப்ப உன் வண்டி?"

"போனா போகட்டும், இன்னொருத்தர் வண்டியை ஓட்டுவேன். நீ எத்தனை நாள் கஞ்சியே குடிப்பே? முடிச்சு வைம்மா, 'அப்படியே ஆகட்டும்' சொல்லு."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இத்தனை நாளும் நான் மனசுக்குள் கேட்டதைத்தான் பிள்ளை வாய்விட்டுக் கேட்கிறான். இருந்தும் அந்த இரண்டு வார்த்தை வரவில்லை. இருமல்தான் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டுகிற நிஜ இருமல்.

"அம்மா, மீதியைப் போடவா?" என்றாள் மகள் மெதுவாக.

"வேண்டாம்டி. அந்த மீதிக் காசுக்கு எத்தனை பல் வருமோ, அத்தனை கட்டினா போதும்."

இருமல் மருந்து முக்கால் பாட்டில் அப்படியே இருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது உண்மையான இருமல் இருந்தால், வந்து எடுத்துக்கொண்டு போங்களேன்.