ஓசியில் ஒரு பைன்ட்

ஹம்ப்ரி ஸ்பிங்க்கிடம் மிச்சமிருந்த சொத்து ஒன்றுதான்: மூக்கு. அந்த மூக்கை ஏல் என்கிற பியர்க் கோப்பைக்குள் விட்டு, கண்ணை மூடி, ஒரு பெருமூச்சு விட்டாரென்றால் போதும், இங்கிலாந்தின் நார்விச் நகரத்து பப் முதலாளிகள் ஆடிப்போவார்கள். வருடா வருடம் வருகிற ‘நல்ல பப்’ புத்தகத்துக்காக ருசி பார்க்க வந்த சோதனையாளர் இவர்தான் என்று அவர்களாகவே முடிவு கட்டிக்கொள்வார்கள். அப்புறம் யார் காசு கேட்பது?

உண்மையில் நல்ல ஏலுக்கும் கழுநீருக்கும் வித்தியாசம் தெரியாதவர் ஹம்ப்ரி. அது அவருக்கே தெரியும். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து, “வாங்க நிபுணரே” என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார்.

போன வாரம் ஆற்றோர பப் ஒன்றில் குட்டு உடைந்துவிட்டது. நிஜ சோதனையாளர் தான் யார் என்று மூச்சு விட மாட்டார், காசு கொடுத்துத்தான் குடிப்பார் என்று சொல்லி, அந்த முதலாளி அவரைக் காலரைப் பிடித்து மழையில் தள்ளினார். ஊரிலுள்ள பப்களுக்கெல்லாம் அடையாளம் சொல்லிவிடுவதாகவும், அடுத்த தடவை நேரே போலீஸ்தான் என்றும் மிரட்டினார். பாவம் ஹம்ப்ரி, ஆசை ஆசையாய் வளர்த்த மீசையை அன்றே எடுத்துவிட்டார்.

இனி மாட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனால் நாக்கு கேட்டால்தானே?

அன்று ‘நொண்டி அன்னம்’ பப்புக்குள் முதல் ஆளாக நுழைந்தார். தாழ்ந்த கூரை, கறுத்த மரப்பலகைகள், இன்னும் மூட்டாத கணப்பு. மாடிப்படி ஓரத்தில் இரண்டு தடியன்கள் நின்றார்கள். கட்டையாய், குட்டையாய் ஒரு பெண்மணி அவசர அவசரமாக ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் வந்தாள்.

“இன்னும் திறக்கல சார்.”

“கதவு திறந்துதானே இருக்கு?” ஹம்ப்ரி சாவகாசமாக உட்கார்ந்தார். “நான் யாருன்னு கேக்காதீங்க அம்மணி. சொல்லக் கூடாது. நீங்க பாட்டுக்கு உங்க வேலையைப் பாருங்க. நான் சும்மா எல்லாத்தையும் கவனிச்சுட்டு இருப்பேன்.”

அவள் முகம் வெளுத்துவிட்டது. தடியன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹம்ப்ரி மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டார். மீசை இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்களோ?

இல்லை. பீப்பாயிலிருந்து ஏலை மேலே இழுக்கும் கைப்பம்பை இழுத்து அவள் ஒரு பைன்ட் கோப்பையை நிரப்பி வைத்தாள். பாதிக் கோப்பை நுரை. நார்விச்சில் இப்படி ஊற்றினால் கைகலப்பே வரும். வடக்கத்திப் பெண் போலிருக்கிறது, அங்கேதான் நுரை தளும்ப ஊற்றுவார்கள் என்று ஹம்ப்ரி பெருந்தன்மையோடு மன்னித்தார். மூக்கை உள்ளே விட்டார். பெருமூச்சு விட்டார். அவள் காசு கேட்கவில்லை. கேட்காமலே ரொட்டியும் சீஸும் வேறு கொண்டுவந்து வைத்தாள். நம் மூக்கே மூக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

தடியன்கள் சாக்கு போர்த்திய ஏதோ ஒன்றை முக்கி முனகி வெளியே நின்ற வேனுக்குத் தூக்கிப்போனார்கள். கெட்டுப்போன பீப்பாய், ஏல் காய்ச்சும் ஆலைக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்றாள் அவள். பீப்பாயை எல்லோரும் உருட்டத்தான் செய்வார்கள். இவர்கள் அது குலுங்கக்கூடாது என்று தூக்குகிறார்களே, என்ன தொழில் பக்தி! ஹம்ப்ரி எழுந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டார். ஒரு தடியன் பாரத்தை நழுவவிடப் பார்த்தான்.

அப்போது கீழே நிலவறையிலிருந்து தடதடவென்று சத்தம். அவள் கை பம்பிலேயே உறைந்துவிட்டது.

பாண்டித்தியத்தைக் காட்ட இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? “பயப்படாதீங்க அம்மணி. உயிரை வடிகட்டி எடுத்துட்டு அனுப்புற பியரா இது? உயிருள்ள ஏல். பீப்பாய்க்குள்ளயே புளிச்சுக்கிட்டு இருக்கும். முனகும். நல்ல சரக்குன்னா உதைக்கக்கூட செய்யும்.”

“ஆமா சார்,” என்றாள் அவள், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. “இன்னிக்கு ரொம்பத்தான் துள்ளுது.”

வாய்க்கு வந்ததை அடித்துவிட்டால் அதற்கும் தலையாட்ட ஆள் இருக்கிறதே என்று ஹம்ப்ரிக்குப் புல்லரித்தது.

ஒரு தடியன் உள்ளே எட்டிப் பார்த்தான். “அக்கா, ஏத்தியாச்சு.”

அவள் ஏப்ரனை அவிழ்த்தாள். ஹம்ப்ரி வாசல் எவ்வளவு தூரம் என்று கண்ணால் அளந்தார். போலீஸைக் கூப்பிடத்தான் போகிறாளோ?

“உங்களைப் பாத்தா விஷயம் தெரிஞ்சவரா இருக்கீங்க. ஆலை வரைக்கும் போயிட்டு ஓடி வந்துடறோம். அதுவரைக்கும் கடையைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? வேணுங்கறத நீங்களே ஊத்திக்குங்க.”

பெற்ற தாய்கூட அவரை நம்பி ஒரு பொருளை ஒப்படைத்ததில்லை. ஹம்ப்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஏப்ரனைக் கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் கம்பீரமாக நின்றார். வேன் சீறிக்கொண்டு கிளம்பியது. இரண்டாவது பைன்ட்டை ஊற்றும்போது அவருக்கு லேசாக மனசு உறுத்தியது. இவ்வளவு வெள்ளந்தியான மனுஷர்களையா ஏமாற்றினோம்?

பின்னால் மரம் பிளக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

நிலவறைக் கதவை உடைத்துக்கொண்டு, மணிக்கட்டில் அறுந்த கயிறு தொங்க, கையில் பீப்பாய் தட்டும் மரச்சுத்தியலோடு மேலே வந்த வழுக்கைத் தலை மனிதர், தன் கடையில் தன் ஏலை ஊற்றிக்கொண்டிருந்த ஹம்ப்ரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: “என்னைக் கட்டிப் போட்டுட்டு இரும்புப்பெட்டியைத் தூக்கினது மூணு பேருதான், நாலாவதா நீ யாருடா?”