ஒட்டு காயும் முன்

ஜெர்மனியின் துரிங்கியா மலையூர் ஒன்றில், பீங்கான் பொம்மைப் பட்டறையின் ஜன்னலில் பனி வெளிச்சம், மேசை மேலிருக்கும் மண்ணைப் போலவே வெள்ளையாக விழுகிறது. ஒரே பீடத்தில் நிற்க வேண்டிய ஜோடிப் பொம்மை இது. கனவானை அல்வின் செய்கிறான், சீமாட்டியை அவன் மனைவி செல்மா செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. செல்மா ஒட்டுக்கான குழைமண்ணைத் தொட்டுச் சீமாட்டியின் தலையைக் கழுத்தில் ஒட்டுகிறாள். முகம் கனவானுக்கு எதிராக, ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறது. "மாதிரிப் பொம்மையில அவ அவனைத்தானே பாக்கிறா?" என்கிறான் அல்வின், மெதுவாக. "மாதிரியில இருக்கிறவன், ஞாயித்துக்கிழமை பொண்டாட்டி செஞ்ச உருளைக்கிழங்கு உருண்டையை அவ அக்கா முன்னாடி கஞ்சின்னு சொல்லலீங்களே" என்கிறாள் செல்மா. பக்கத்து மேசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமுகிறார்கள். அல்வினின் காது சிவக்கிறது. ஒட்டு காய்ந்துவிட்டால் அந்த முகம் அப்படியே சூளைக்குப் போகும்; பிறகு யாராலும் திருப்ப முடியாது. "தப்புத்தான் செல்மா. ரெண்டு தட்டு தின்னவன் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்." செல்மா விரலை நீரில் நனைத்துச் சீமாட்டியின் மோவாயைக் கனவான் பக்கம் மெல்லத் தள்ளுகிறாள். பாதி திரும்பியதும் நிறுத்திவிட்டுக் கை கழுவப் போகிறாள். பீடத்தில் இன்னும் ஒட்டாத தன் கனவானை அல்வின் தூக்கி, பாதி திரும்பிய சீமாட்டியின் பார்வை விழும் இடத்தில் வைத்து ஒட்டுகிறான்.