பாட்டாக வந்த பேச்சு

சங்ககிரி லாரிப் பட்டறையில் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிய செங்கோடனுக்கு, பக்கவாதத்தில் பேச்சு போய்விட்டது. மனைவி பாவாயி வாராவாரம் அவரை அஸ்தம்பட்டிக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்து வந்தாள்.

"பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டுல கஷ்டமா இருக்குமேம்மா?" என்று கேட்டாள் பயிற்சி தரும் அபிநயா.

"பழகிப்போச்சுங்க."

"மூளையில பேச்சுக்கு ஒரு பக்கம்னா, பாட்டுக்கு இன்னொரு பக்கமும் உதவும்மா. பேச முடியாதவங்களுக்கும் பாட வரும்."

அபிநயா அவருடைய இடது கையைத் தட்டவைத்து, சொற்களை மெட்டோடு பாடப் பழக்கினாள். 'தண்ணி வேணும்' வந்தது. 'கால் வலிக்குது' வந்தது.

இன்று யாரும் சொல்லித்தராமலே, பாவாயியைப் பார்த்துத் தாலாட்டுப்போல இழுத்துப் பாடினார்.

"பாவாயி... சாப்புட்டியா..."

பாவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அழாதீங்கம்மா. சீக்கிரமே பழைய மாதிரி பேச வெச்சிடலாம்."

பாவாயி பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பழைய மாதிரி வேண்டாஞ் சாமி. இப்படியே பாடட்டும்."

"ஏம்மா?"

"எங்கண்ணன் ஊட்டுக் கல்யாணத்துல இவருக்கு மரியாதை செய்யலைன்னு கோவிச்சுக்கிட்டாருங்க. பேச்சு நல்லா இருந்த காலத்துல, பன்னண்டு வருசமா எங்கூட ஒரு வார்த்தை பேசுனதில்லீங்க."