முடிச்சிட்டு வரட்டும்

கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அதை முடிக்கும் வரைக்கும் அந்தக் கதவு திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

கதவுக்குப் பின்னால் என் கணவர் செம்பியன் படுத்திருந்தார். அவருடைய ரத்தம் குழாய் வழியாக வெளியே போய், இயந்திரத்தில் சுத்தமாகி, மறுபடி அவருக்குள் வந்துகொண்டிருந்தது.

செவ்வாயும் வெள்ளியும் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு வருகிறோம். விடியக் கிளம்பும் பஸ். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அவர் கண்ணை மூடிக்கொள்வார்.

டயாலிசிஸ் பிரிவுக்குள் துணைக்கு வருகிறவர்களை விடமாட்டார்கள். வெளியே வராந்தாவில் ஒரு பெஞ்சு. நான்கு மணி நேரம்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், யாரும் என்னை எதற்கும் கூப்பிடாத நான்கு மணி நேரம் அந்த பெஞ்சில்தான் கிடைத்தது.

முதலில் நேரம் போகாமல்தான் படித்தேன். மஞ்சக்குப்பம் நூலகத்தில் கைக்கு வந்ததை எடுத்து வந்தேன். ஐப்பசி மழையில், பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரின் கதை. அப்புறம் ஒரு உப்பளக் குடும்பத்தின் மூன்று தலைமுறை. ஒரு பேய்க் கதை. பட்டப்பகலில், அத்தனை ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் பயந்துகொண்டு படித்தேன். காதல் கதை எனக்குச் சரிப்படாது என்று நினைத்திருந்தேன். ஒன்றை இரண்டு தடவை படித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் படித்ததை அவருக்குச் சொல்வேன். பரிகாரம் மாதிரி. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வார். கேட்கிறாரா தூங்குகிறாரா என்று தெரியாது.

பனி ஊர்க் கதையில் ஒருத்தன் கடைசி வரைக்கும் வீடு திரும்பவில்லை. அவன் திரும்பாததில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை மட்டும் பஸ்ஸில் சொல்லவில்லை.

ஒரு புத்தகம் முடிகிற நாளில் எனக்குப் பேச்சு வராது. அவர் என் முகத்தைப் பார்ப்பார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒன்றும் கேட்காமல் கூடவே நடப்பார்.

கார்த்திகையில் ஒரு நாவலில் ஒரு பெண் செத்துப்போனாள். வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். கீரப்பாளையத்திலிருந்து மகனைக் கூட்டிவரும் கொளஞ்சியம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் முதுகைத் தடவினார்.

"அழுவாதம்மா. ஒம் புருசன் நல்லாயிடுவாரு. மனசத் தளர வுடாத."

நான் மறுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன். அவர் எழுந்து போனதும், விட்ட வரியைத் தேடினேன்.

செவ்வாய் எப்போது வரும், வெள்ளி எப்போது வரும் என்று நான் காத்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. அவர் கையில் ஊசி ஏறும் நாட்கள் அவை.

அது அவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. வேறு எதற்கும் நான் இவ்வளவு பயந்ததில்லை.

தை பிறந்த பிறகு, நான்கு மணி நேரம் நான்கரை ஆனது. ஒரு நாள் ஐந்தைத் தொட்டது. புது மிஷின், கொஞ்சம் ஸ்லோ என்று அவர்தான் சொன்னார். நான் எந்த நர்ஸிடமும் கேட்கவில்லை. கேட்டால் சரிசெய்துவிடுவார்களோ என்று இருந்தது.

இன்றைக்குக் கொலைக் கதை. கொன்றது தம்பியா, டாக்டரா, வீட்டுக்காரம்மாவா என்பது கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை பஸ்ஸில் அது வரைக்கும் சொல்லியிருந்தேன்.

கதவு திறந்தது.

வெண்மதி. புதிதாக வந்திருக்கும் நர்ஸ். யாரிடம் எதைச் சொல்லலாம், சொல்லக் கூடாது என்பது இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை.

"செம்பியன் வீட்டுக்காரங்க நீங்கதானக்கா? அவுருக்குக் கழட்டி எவ்ளோ நேரமாச்சி, பெட்ல வேற ஆளே போட்டாச்சி. கூப்புடவான்னு கேட்டா, வேணாம், அவ முடிச்சிட்டு வரட்டும்ங்குறாரு. எப்பவும் இப்பிடித்தானாமே?"

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. இத்தனை மாதத்தில் அதை நான் பார்த்ததில்லை. குனிந்தே இருந்திருக்கிறேன்.

புத்தகத்தை மூடினேன். அடையாளம் வைக்கவில்லை.

வெண்மதி என்னை உள்ளே விட்டாள். எடை பார்க்கும் மிஷினுக்குப் பக்கத்தில், கண்ணாடிக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கையில் இருந்த பஞ்சை அவசரமாக அழுத்திப் பிடித்தார். அதில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

"இப்பத்தான் கழட்டுனாங்க," என்றார்.

உதடு வெடித்திருந்தது.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அவருக்கு அளவு உண்டு. இங்கே வருகிற நாளில் காலையிலிருந்து நாக்கைக் கட்டி வைத்து, எல்லாம் முடிந்தபின் குடிப்பதற்கென்று அரை டம்ளர் காபியை மிச்சம் பிடிப்பார். அந்த ஃப்ளாஸ்க் என்னிடம்தான் இருக்கும். என் பெஞ்சில், என் புத்தகத்துக்குப் பக்கத்தில்.

"யாரு கொன்னதாம்?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் தூங்கியதே இல்லை.

"தம்பிதான்," என்றேன்.

"நெனச்சேன். அந்தப் பய மூஞ்சியே சரியில்ல," என்று சிரித்தார்.

ஃப்ளாஸ்கைத் திறந்து ஊற்றினேன். ஆவி வரவில்லை.

டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்த்தபடியே, ஊதி ஊதிக் குடித்தார்.