தலைவர் வீட்டுப் பெட்டி

“தலைவர் வீட்டுக்கு மட்டும் மூணு பேண்டேஜ் சுருளா? மத்தவங்க வீட்டுக் காயமெல்லாம் உனக்குக் காயமாத் தெரியலையா?”

நான் கேட்டது மூணாவது மாடி நர்ஸை. அவ பெட்டியைப் பட்டுனு மூடினா. எனக்குச் சுர்ருனு ஏறிச்சு.

எனக்குக் கோபம் வரும். வந்தா வாய் நிக்காது. அதனாலதான் இந்தக் குடியிருப்பு முழுக்க எனக்குப் பட்டாசுன்னு பேரு. ஆனா நியாயம் இல்லாம நான் கத்தினதே இல்ல.

போன மாசம் ரெண்டாவது மாடி வாத்தியார் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டார். இத்தனை வீடு இருந்தும் ஒரு வீட்டுல ஒரு களிம்பு கிடையாது. ஒருத்தர் பற்பசையைத் தூக்கிட்டு ஓடி வர்றார், இன்னொருத்தர் பேனா மையோட வர்றார். அன்னிக்கு நான்தான் ஒவ்வொரு கதவையும் தட்டி, “வீட்டுக்கு ஒரு முதலுதவிப் பெட்டி. எல்லாருக்கும் ஒரே மாதிரி. ஒரு துண்டுப் பஞ்சுகூடக் கூடக்குறைய இருக்காது”ன்னு வாக்குக் கொடுத்தேன். என் பேச்சை நம்பித்தான் எல்லாரும் சரின்னாங்க.

விவரம் தெரிஞ்சவளாச்சேன்னு பெட்டி கட்டுற வேலையை நர்ஸ்கிட்ட விட்டேன். பஞ்சு, பிளாஸ்டர், தீக்காயக் களிம்பு, தெர்மாமீட்டர், கத்தரிக்கோல்னு பொதுக்கூடத்து மேசை நிறையப் பரப்பி வெச்சு அவளும் கட்டினா. கடைசியா நான் சரிபார்க்கப் போனா, தலைவர் வீட்டுப் பெட்டி மட்டும் கனக்குது. திறந்தா மூணு சுருள். வீக்கத்துக்குத் தடவுற களிம்பு ரெண்டு. கத்தரிக்கோலைக் காணோம்.

“கத்தரிக்கோல் எங்க?”

“அந்த வீட்டுக்கு வேணாங்க்கா.”

“அப்போ இதெல்லாம் எதுக்கு இவ்வளவு?”

“அந்த வீட்டுக்கு வேணும். விடுங்கக்கா.”

“எதை விடுறது? சங்கத் தலைவர், அதுவும் எதிர்வீட்டுக்காரர்னு நல்லாக் காக்கா பிடிக்கிறே. கத்தரிக்கோலை உன் வீட்டுக்கு எடுத்துக்கிட்டியா?”

அவளுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. “அக்கா, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். மெதுவாப் பேசுங்க.”

மெதுவாவா, நானா? பெட்டி வாங்க வந்த ஜனமெல்லாம் மேசையைச் சுத்திக் கூடிடுச்சு. இந்த அநியாயத்தைக் கேளுங்கன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சேன்.

அந்த நேரம் பார்த்துத் தலைவரே வந்தார். வெள்ளைச் சட்டை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னாடியே அவர் சம்சாரம். விஷயத்தைக் கேட்டுட்டு மழுப்புவார்னு நினைச்சேன். மழுப்பல.

“அவங்க கேக்கறது நியாயம். எனக்கு எதுக்குச் சலுகை? எல்லார் முன்னாடியும் பெட்டியைப் பிரிச்சு, ஒவ்வொண்ணா எடுத்து மேசையில வைங்க. நான் எப்பவும் சொல்றதுதானே, பாதுகாப்போ நேர்மையோ, நம்ம வீட்டுலேர்ந்துதான் ஆரம்பிக்கணும்.”

வாத்தியார் கை தட்டினார். மனுஷன்னா இவர்தான் மனுஷன்னு எனக்கே மனசு குளிர்ந்துபோச்சு. நர்ஸ் மட்டும் பெட்டி மேல வெச்ச கையை எடுக்காம நின்னா. நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

“திருடினவ மாதிரி முழிக்காதே. தள்ளு.”

பெட்டியை என் பக்கமாத் திருப்பி மூடியைத் திறந்து, சுருளுக்கு அடியில கையை விட்டேன். விரல்ல ஏதோ இடிச்சுது. பெட்டியோட அடியில பிளாஸ்டர் போட்டு ஒட்டி வெச்ச சாவி.

அந்தச் சாவியை எனக்கு நல்லாத் தெரியும். நர்ஸ் ஊருக்குப் போறப்பல்லாம் என்கிட்டதான் கொடுத்துட்டுப் போவா. அவ வீட்டு வாசக்கதவுச் சாவி.

எதிர்வீட்டுக்குப் போற பெட்டியில இவ வீட்டுச் சாவி எதுக்கு? நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் சம்சாரம் என் கையையே பார்த்துக்கிட்டு மூச்சுகூட விடாம நின்னுச்சு. இந்தப் புழுக்கத்துலயும் மணிக்கட்டு வரைக்கும் முழுக்கைச் சட்டை. ஏம்மா இப்படின்னு இத்தனை வருஷத்துல நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல. துணியை இழுத்து மூடியிருந்தும் கழுத்தோரம் கன்னிப்போனது தெரிஞ்சுது.

மூணு சுருள் எதுக்குன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த வீட்டுக்குக் கத்தரிக்கோல் ஏன் வேணாம்னும்.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெள்ளைச் சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்கணும். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா நான் இங்க கத்தித் தீர்த்துட்டு என் வீட்டுக்குப் போயிடுவேன். அந்தப் பொண்ணு அவன் கூடத்தானே மாடி ஏறணும்.

“என்ன பட்டாசு, எடுத்து வைங்க. எத்தனை கூட இருக்கு?”ன்னான் அந்த ஆள்.

மூடியைச் சாத்தினேன்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு தலைவரே. எனக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு, தப்பா எண்ணிட்டேன். நர்ஸம்மா, என்னை மன்னிச்சிடு.”

கூட்டம் கொல்லுனு சிரிச்சுது. வாயை மட்டும் வளர்த்து வெச்சிருக்குன்னு யாரோ முணுமுணுத்தாங்க. “பட்டாசு நமத்துப்போச்சு”ன்னு எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சவன் அந்த ஆள்தான். சிரிச்சுக்கிட்டே பெட்டிக்குக் கையை நீட்டினான்.

நான் அந்தப் பொண்ணு கையில கொடுத்தேன்.

“அவசரம்னா யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதே கண்ணு. திற.”